செம்பொட்டுப் பூச்சி இருக்கும் இடம்

இடைசெவலில் இறங்கி "சோலைமுத்து பெஞ்சாதி வீடு எது?" என்று கேட்டால் இப்போது கொஞ்சம் யோசிப்பார்கள். "பூச்சிக்காரி வீடு" என்று கேட்டால் உடனே கையைக் காட்டிவிடுவார்கள். ஐம்பதை நெருங்கும் பொம்பளை, கையில் வெள்ளை வலையும் தோளில் பையுமாகப் பஸ் ஏறிப் போய், ஊர் ஊராகப் புஞ்சைக்குள் இறங்கி, கதிருக்கு மேலே வலையை வீசிப் பூச்சி பிடித்துக்கொண்டு வந்தால் வேறு என்ன பட்டம்தான் கொடுப்பார்கள்? அழகுத்தாய்க்கு அதில் கோபமும் கிடையாது. "ஆமாட்டி, பூச்சிக்காரிதான். ஒங்க தலையில பேன் கெடந்தாலும் சொல்லுங்க, பிடிச்சுக் குப்பியில போட்டுருதேன்" என்பாள். வாய் அப்படி. வாய் மட்டும் கொஞ்சம் அடங்கியிருந்தால் அவள் கதையே வேறாக இருந்திருக்கும்.

முன்பு அவள் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கியவள். இப்போது வேலை மாதவன் சாரிடம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் அவர். கரிசல்காட்டில் செடிகொடிகளின் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கிற நாவாய்ப்பூச்சிகள் எத்தனை வகை, எந்த வகை எந்தச் செடியில், எந்த ஊர் வரைக்கும் என்று பிரித்து வைப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அரிசியைவிடச் சற்றுப் பெரிய பூச்சியை முக்கோணமாக வெட்டிய காகித முனையில் பசை தொட்டு ஒட்ட வேண்டும். கால் ஒன்று உடைந்தாலும் போச்சு. தீக்குச்சி அடுக்கிய விரல் என்பதால் அழகுத்தாய்க்கு அந்த வேலை சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது.

சார் தங்கமானவர்தான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறார். ஒரு புஞ்சையை விட்டு ஏறும்போது வலையை உதற வேண்டும், சேலையை உதற வேண்டும், தலைமுடியைக்கூடத் தட்டிவிட வேண்டும். "ஒரு ஊர்ப் பூச்சி ஒங்க மேல ஒட்டிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிரக் கூடாதுக்கா. எடம் தப்பாப் போச்சுன்னா பூச்சியைப் பிடிச்சும் பிரயோசனமில்ல" என்பார். அழகுத்தாய் வரப்பில் நின்று சேலையை உதறுகிற உதறலைப் பார்த்து, களை எடுக்க வந்த பெண்கள் பேய் பிடித்துவிட்டதோ என்று விலகிப் போனதுண்டு.

இவ்வளவும் செய்தது கூலிக்காக மட்டுமில்லை. அவள் தேடியது ஒரே ஒரு பூச்சியை. அதைத் தேடினால் தன் புருசன் கிடைப்பான் என்று அவளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சோலைமுத்து சாது. சோம்பேறி என்றும் சொல்லலாம். அழகுத்தாய் அப்படித்தான் சொல்லுவாள். அவர்கள் வீட்டுப் புஞ்சையில் தலைமுறையாக ஒரு செஞ்சோளம் விதைத்தார்கள். கதிர் பால் பிடிக்கிற மார்கழியில் அதில் ஒரு பூச்சி வந்து இறங்கும். எல்லார் புஞ்சையிலும் கதிர்ப்பூச்சி உண்டு, பச்சையாக, ஒல்லியாக. சோலைமுத்து வீட்டுப் பூச்சிக்கு மட்டும் கழுத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு பொட்டு இருக்கும். நசுக்கினால் கொத்தமல்லித் தழையைக் கசக்கி மண்ணெண்ணெய் விட்ட மாதிரி ஒரு வாடை. மார்கழி முழுக்க அந்த வாடை வீட்டுக்குள் இருக்கும், சோற்றில் இருக்கும், அவன் வேட்டியில் இருக்கும்.

அந்த வருடம் பூச்சி தாங்க முடியாமல் போயிற்று. சப்பிப்போன கதிரைக் கொண்டுவந்து அவன் முன்னால் எறிந்தாள்.

"பாரும். பால் பூராவும் உறிஞ்சிட்டு சக்கையை வச்சிருக்கு. ஊரே மருந்து அடிக்குது, நீரு மட்டும் கொஞ்சிக்கிட்டு இருக்கீரு."

"நம்ம புஞ்சையைத் தவிர இது வேற எங்கயும் கெடையாது அழகு. நாமளும் அடிச்சிட்டா அது எங்கன போகும்?"

"அப்போ நீரும் ஒம்ம பூச்சியும் ஒண்ணாத் தொலைஞ்சு போங்க."

சொல்லிவிட்டாள். எத்தனையோ முறை எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு மட்டும் அவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆம்பளை வெளியூருக்குக் கிளம்பினால், விதைப்பானையிலிருந்து ஒரு பிடி சோளம் எடுத்து, பெஞ்சாதி தன் சேலைக் கிழிசலில் முடிந்து அவன் மடியில் செருகிவிட வேண்டும். வீட்டு விதை வீட்டுப் புஞ்சைக்குத்தான் திரும்பும், சுமக்கிறவனையும் கூடவே கூட்டி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. பக்கத்தில் எட்டயபுரம் போனால்கூட முடிந்துதான் அனுப்புவாள். அன்றைக்கு அவள் முடியவில்லை. அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றது தெரிந்தது. பிறகு புறவாசல் பக்கம் நடமாட்டம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

சாயங்காலம் புறவாசல் கொடியில் காய்ந்த ஊதாப்பூச் சேலையை எடுத்தால் ஓரம் கிழிந்து கிடந்தது. கன்றுக்குட்டி மென்றுவிட்டது என்று அதன் முதுகில் இரண்டு போட்டாள். புருசன் மேல் இருந்த கோபம் கன்றுக்குட்டிக்குப் போயிற்று.

மறுநாள் காலையில் புஞ்சைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பூச்சி இல்லை. கதிரை உலுக்கிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், தோகையின் இடுக்கையெல்லாம் விரித்துப் பார்த்தாள். முந்தின நாள் கைவைக்க முடியாமல் மொய்த்த பூச்சி, செத்தும் கிடக்கவில்லை, பறந்தும் பக்கத்துப் புஞ்சைக்குப் போகவில்லை. வாடைகூட இல்லை. காற்று வெறுமனே அடித்தது.

சோலைமுத்து அன்றைக்கும் வரவில்லை. கோபத்தில் போன மனுசன், ஆறினால் வருவான் என்று இருந்தாள். திருப்பூரில் பார்த்ததாக ஒருத்தன் சொன்னான். அதை நம்பி அங்கே போய்ப் பனியன் கம்பெனி வாசல்களில் போட்டோவைக் காட்டிக்கொண்டு அலைந்தாள். அப்புறம் கோயம்புத்தூர், அப்புறம் ஈரோடு. அதற்கெல்லாம் பிறகுதான் போலீசில் எழுதிக் கொடுத்தாள். இதற்கிடையில் புஞ்சையில் மீதிக் கதிர் மணி பிடித்து, அந்த வீடு கண்டிராத விளைச்சல் விளைந்தது. ஊரே பொறாமைப்பட்ட அந்தச் சோளத்தில் ஒரு வாய்கூட அவளால் தின்ன முடியவில்லை.

வருடங்கள் போயின. கொழுந்தன் சுடலைக்குமார் நல்லவிதமாகத்தான் பேசிப் பார்த்தான். சுற்றிலும் சோலார் தகடு பதிக்க நிலம் கொடுத்துக்கொண்டிருந்த நேரம்.

"மைனி, அண்ணன் இனி வரமாட்டான். ஏழு வருசத்துக்கு மேல ஆயிட்டு. கோர்ட்டுல சொன்னா செத்ததா எழுதிக் குடுத்துருவாவ. காரியத்தையும் செஞ்சிருவோம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"ஆளு எங்க இருக்குன்னு தெரியாம எப்படிடே போடுவேன்? இருக்காவளோ இல்லியோ, எனக்கு எடம் தெரியணும்."

"தெரியலன்னா?"

"தெரியுற வரைக்கும் விதைப்பானை காலியாகக் கூடாது. போ."

ஒவ்வொரு வருடமும் ஒரு துண்டு நிலத்தில் அந்தச் செஞ்சோளத்தை விதைத்தாள். ஒவ்வொரு மார்கழியும் கதிரை மோந்து பார்த்தாள். வாடை வரவே இல்லை.

மாதவன் சார் ஊருக்கு வந்தது அப்போதுதான். கல்லூரியில் யாரோ எப்போதோ பிடித்து வைத்த பழைய பெட்டி ஒன்றில், சாதாரணக் கதிர்ப்பூச்சிகளோடு கலந்து, பொட்டு வைத்த பூச்சிகள் சில இருந்தன. குத்தியிருந்த சீட்டில் ஊர் மட்டும் இருந்தது: இடைசெவல். பெரிதாக்கிய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் விசாரித்தார். "இது சோலைமுத்து வீட்டுப் பூச்சில்லா" என்று அனுப்பிவைத்தார்கள்.

அழகுத்தாய் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இவ்வளவு பெரிய பொட்டா என்று கேட்டாள்.

"இதை எல்லாரும் ஒரே வகைன்னு நெனைச்சு ஒண்ணா வச்சிட்டாங்கக்கா," என்றார் சார். "காலு, கொம்பு, உள்ளுறுப்பு எல்லாம் வேற. இது தனி வகை. ஆனா உசுரோட ஒண்ணாவது வேணும். எந்தெந்த ஊர்ல இருக்குன்னு தெரியணும்."

"அது போயிட்டு சார். எங்க வீட்டு ஆளு போன அன்னைக்கே அதுவும் போயிட்டு."

சார் படத்தைத் திரும்ப வாங்கி மடித்தார். வேலைக்கு வருகிறீர்களா என்று மட்டும் கேட்டார். அவளும் அன்றைக்கே சரி என்றாள்.

அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கும். சாத்தூர், விளாத்திகுளம், பாஞ்சாலங்குறிச்சி என்று கரிசல் பூமி முழுக்க நீல ஊசிகள், எல்லாம் சாதாரணக் கதிர்ப்பூச்சி. சிவப்பு ஊசி ஒன்றே ஒன்று, இடைசெவலில். அதுவும் பழைய பெட்டிக்காகக் குத்தியது. அழகுத்தாய் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். கட்டபொம்மன் கோட்டைப் பக்கத்துப் புஞ்சையெல்லாம் மிதித்தாள். நீல ஊசி கூடிக்கொண்டே போயிற்று. சிவப்பு மட்டும் தனியாக நின்றது.

இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்து, வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்த வாடை வந்தது. கொத்தமல்லி, மண்ணெண்ணெய். கரண்டியைப் போட்டுவிட்டு வீடு முழுக்கத் தேடினாள். வெளியே ஓடிப் போய் மோந்தாள். அங்கே இல்லை. உள்ளே வந்தால் இருக்கிறது. சோலைமுத்து சட்டை மாட்டுகிற ஆணிப் பக்கம் அதிகமாக இருந்தது. அந்த ஆணியில் இப்போது ஒன்றும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினாள். வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

கல்லூரிக்குள் நுழைந்தபோது, சாரிடம் ஆராய்ச்சி செய்கிற அஞ்சலின் என்ற பெண் ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, ஒங்களுக்குத்தான் போன் பண்ணப் போனேன். பொட்டு வச்ச பூச்சி கெடைச்சிருச்சு."

குப்பியின் அடியில் பூச்சியைக் கொல்லும் மருந்துப் பஞ்சு. முந்தின நாள் பிடித்த பூச்சிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் கண்ணாடியில் ஏறி நின்றது. அழகுத்தாய் விரலை வைத்தாள். அது விரல் இருந்த இடத்துக்கு வந்தது. விரலை மறுபக்கம் கொண்டுபோனாள். அதுவும் மறுபக்கம் வந்து, பொட்டு தெரிய நின்றது. அஞ்சலின் சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல் விட்டுவிட்டாள்.

"எங்கன பிடிச்சே?"

"கயத்தாறுல. மெயின் ரோட்டுல லாரி நிக்குத எடத்துக்குப் பின்னால. சுத்தி ஒரு புஞ்சை கெடையாது, தரிசு. நடுவுல ஒரு பாத்தி அளவுக்குச் செஞ்சோளம் தானா நிக்குது. அதுல மட்டும்தான்க்கா."

மாதவன் சார் சிவப்பு ஊசியைக் கயத்தாற்றில் குத்தினார். சந்தோசம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். "இது இவ்வளவு தூரம் பறக்காது. முட்டை பச்சைக் கதிருலதான் இருக்கும். காய்ஞ்ச விதையோட போகவும் வழியில்ல. எப்படிப் போச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "அங்க ஒங்களுக்கு யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களாக்கா? ஒங்க வீட்டு விதைதானே?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார்" என்றாள் அழகுத்தாய்.

மறுநாள் வலையும் குப்பியும் எடுத்துக்கொண்டு தனியாகவே போனாள். பொம்பளைகளுக்கு டிக்கெட் காசு இல்லாத பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே போனாள். திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் போய் அலைந்தோமே, இந்தக் கயத்தாற்றில் எத்தனை முறை பஸ் நின்றிருக்கும், ஒரு முறைகூட இறங்கவில்லையே என்று நினைத்தாள். காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை.

லாரிகளுக்குப் பின்னால் தரிசு. கரிசல் வெடித்துக் கிடந்தது. அஞ்சலின் சொன்ன மாதிரியே நடுவில் செஞ்சோளம். பக்கத்தில் போகப் போக வாடை வந்தது. அவள் நின்றாள். ஆறடி நீளம், மூன்றடி அகலம் இருக்கும். அதற்கு வெளியே ஒரு தட்டைகூட இல்லை. கதிர் முற்றி நிற்கிறது, தைமாதத்துக் குருவிகள் எல்லாம் எதிரே கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றுகூட இறங்கவில்லை.

"அதுல குருவி உக்காராது தாயி. ஆடும் வாய் வைக்காது" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் நேசம்மாள், கையில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். கழுத்தில் சிலுவை கோத்த சங்கிலி. "நேத்து முந்தாநாளு ஒரு பொண்ணு வந்து வலை போட்டுட்டுப் போச்சு. நீங்களும் அதுக்குத்தானா?"

"யாருக்கா இதை வெதைச்சது?"

நேசம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். "நாந்தான்."

அழகுத்தாய் வலையைக் கீழே வைத்தாள்.

"ஒரு மார்கழி மாசம். வெளியூர் ஆளு ஒருத்தரு. ரோட்டுக்கு அந்தாண்ட, வடக்கே போற பஸ்ஸுக்குக் கை காட்டிக்கிட்டு நின்னாரு. கோவில்பட்டி பஸ்ஸு. லாரி ஒண்ணு வந்து... மொகம் ஒண்ணும் தெரியல. போலீஸ் வந்து படம் எடுத்தாவ, வெசாரிச்சாவ. யாரும் தேடி வரல. கடைசியில இங்கனயே அடக்கம் பண்ணினாவ. எங்க ஆளா, ஒங்க ஆளா, என்ன சாமி கும்புடுதவருன்னு ஒண்ணும் தெரியாது. நான் ஒரு ஜெபம் சொன்னேன். எங்கடையில வேலை பாத்த பத்திரகாளிதான், எங்க ஆளுகள்ல குழிமேட்டுல பால் தெளிச்சு நவதானியம் தூவுவோம்னா. தானியத்துக்கு எங்க போக? அவரு மடியில ஒரு முடிச்சு இருந்துச்சு. அவுத்தா சோளம். அவரு கொண்டு வந்ததை அவரு மேலயே தெளிச்சிருவோம்னு தெளிச்சோம். அது மழைக்கு மழை தானா முளைச்சு நிக்குது. ஆனா இந்தப் பூச்சி எங்கருந்து வந்துச்சுன்னு மட்டும் தெரியல. முடிச்சை அவுத்த அன்னைக்கே வந்துட்டு. கதிரே இல்ல, மண்ணு மேல உக்காந்திருந்துச்சு."

அழகுத்தாய்க்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அவள் முடிந்து கொடுக்கவில்லையே. முடிச்சு இல்லாமல்தானே போனான். அப்படியானால் இது வேறு யாரோ. வேறு யாராகவோ இருக்கட்டும் என்று ஒரு மனசு கும்பிட்டது. இல்லை, இவனாகவே இருக்கட்டும், இடமாவது தெரியட்டும் என்று இன்னொரு மனசு கும்பிட்டது.

"முடிச்சு எதுலக்கா முடிஞ்சிருந்துச்சு?"

"சேலைக் கிழிசல்தான். கையால கிழிச்சது போல, கோணல் மாணலா. ஊதாப் பூ போட்டது."

கன்றுக்குட்டியை அடித்தது ஞாபகம் வந்தது. அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவள் முதுகுக்குப் பின்னால், புறவாசலில், அவள் சேலையைக் கிழித்து, அவள் செய்ய வேண்டியதை அவனே செய்துகொண்டு போயிருக்கிறான். தொலைந்து போ என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டே, திரும்பி வருவதற்கு முடிச்சுப் போட்டிருக்கிறான். ஊருக்குத் திரும்பத்தான் வடக்கே பார்த்து நின்றிருக்கிறான்.

செஞ்சோளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சத்தமாக அழுதாள். "நான் சும்மா சொன்னேன்யா. வாய்க்கு வந்ததைச் சும்மா சொன்னேன்" என்று மண்ணைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நேசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

அழுகை ஓய்ந்தபோது மடியைப் பார்த்தாள். பூச்சிகள் கதிரை விட்டு இறங்கிவந்திருந்தன. ஒன்று இரண்டு இல்லை. மடியில், தோளில், முந்தானையில், ஒவ்வொன்றும் பொட்டு மேலே தெரிய, அசையாமல் உட்கார்ந்திருந்தன. ஒன்று அவள் தாலிக்கயிற்றின் மேல் இருந்தது. அவள் பயப்படவில்லை. பையிலிருந்த குப்பியை எடுத்தாள், மூடியைத் திறக்காமலே திரும்ப உள்ளே வைத்தாள். ஒரே ஒரு கதிரை மட்டும் ஒடித்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"உதறு தாயி, சேலை பூரா பூச்சி" என்றாள் நேசம்மாள்.

"இருக்கட்டும்க்கா."

ரோட்டைக் கடந்து, வடக்கே போகும் பஸ் நிற்கிற பக்கம் போய் நின்றாள். பஸ் வந்தது. இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரத்தைக் காலியாக விட்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியும் பூச்சிகள் பறக்கவில்லை. கண்டக்டர் வந்து, கேட்காமலேயே பொம்பளைகளுக்கு உள்ள இலவச டிக்கெட்டை நீட்டினார்.

"எடைசெவல். எனக்கு இது சரி," என்றாள் அழகுத்தாய். "அவியளுக்கு ஒரு டிக்கெட்டு போடுங்க."

கண்டக்டர் காலிச் சீட்டைப் பார்த்தார், அவள் சேலையைப் பார்த்தார். மூக்கைச் சுளித்து ஒரு முறை காற்றை மோந்தார். பிறகு இன்னொரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.